வால் நடுங்கிய நாள்

என் தம்பி தன் விமானத்தின் இறக்கைகளை வெட்டிவிட்டான் என்பதை அவன் மனைவிதான் எனக்குச் சொன்னாள். மொன்ட்ரியாலின் ஜான்-டலோன் சந்தையில் இருவரும் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தோம்.

"மச்சாள், உங்களுக்குத் தெரியுமோ? ரெண்டு பக்கமும் செட்டையை வெட்டிப் போட்டினம். இப்ப பாக்கக் குறண்டின மாதிரிக் கிடக்கு."

கையில் இருந்த கத்தரிக்காயைத் திரும்ப வைத்தேன். "எவ்வளவு வெட்டினவை?"

"என்ரை கை நீளம் இருக்கும். ஏன், அது பிழையோ?"

"பிழை எண்டில்லை. வேகமாப் போகும்."

"அதைத்தான் அவரும் சொன்னவர். அதைச் சொல்லேக்கை அவரின்ரை முகத்தைப் பாக்க வேணும்."

அவள் மன்னார்க்காரி. மொன்ட்ரியால்-நோரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறாள். மருந்தில் எவ்வளவு கூடினால் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். விமானத்தில் எதைக் கேட்பது என்று தெரியாமல், கத்தரிக்காயைப் புரட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் வேலை விமானங்களின் நடுக்கத்தை அளப்பது. புதிய விமானம் ஒன்றைச் சோதனைக்குப் பறக்கவிடும்போது, அதன் செட்டையிலும் வாலிலும் சின்னச் சின்ன சென்சர்களை ஒட்டிவிட்டு, தரையில் ஒரு அறைக்குள் இருந்து, திரையில் ஓடும் கோடுகளைப் பார்ப்போம். விமானி மேலே கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டுவார். கோடு துள்ளும். துள்ளிய கோடு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதுதான் எங்களுக்குக் கணக்கு. சட்டென்று அடங்கினால் நல்லது. இழுத்து இழுத்து அடங்கினால் யோசிக்க வேண்டும். அடங்காமல் வளர்ந்தால் அதற்குப் பிறகு யோசிக்க நேரம் இருக்காது. காற்றில் கொடி படபடப்பதுபோல வால் படபடக்கத் தொடங்கும். கொடிக்கு ஒன்றும் ஆகாது. வால் பிய்ந்து போகும்.

பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். சோதனை விமானி என்பவர் அதுவரை எனக்குக் காதில் கேட்கும் ஒரு குரல். நிதானமான குரல். அந்தக் குரலுக்கு ஒரு வீடு இருக்கும், வீட்டில் ஒரு ஆள் காத்துக்கொண்டிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நினைத்திருந்தால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

தம்பி ஆற்றுக்குத் தெற்கே, சோளத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன விமானத் தளத்தில் விமானம் ஓட்டப் பழக்குகிறான். ஊரைவிட்டு வரும்போது அவன் அம்மாவின் கையில் இருந்த பிள்ளை. குண்டு போடும் பொம்மர் வரும் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடியதெல்லாம் எனக்குத்தான் நினைவு. அவனுக்கு ஒன்றும் இல்லை. மொன்ட்ரியால்-நோர் வாடகை வீட்டின் பல்கனியில் நின்று, தலைக்கு மேலே போகும் ஒவ்வொரு விமானத்துக்கும் கை காட்டுவான். நான் உள்ளே போய் நிற்பேன். இன்றைக்கும் பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் வீட்டின் பின்வளவில் நிற்கும்போது ஒரு விமானம் தாழப் பறந்தால், அது என்ன ரகம், எங்கே இறங்கப் போகிறது என்றெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும், தோள்கள் தாமாகவே குறுகும்.

சந்தையில் இருந்து நேரே, அவன் விமானம் நிறுத்தும் ஹாங்கருக்குப் போனேன். பாலத்தில் திருத்த வேலை. வழி நெடுகச் செம்மஞ்சள் கூம்புகள். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

விமானம் கதவுக்கு முன்னால் நின்றது. பழைய ஒற்றை இருக்கை விமானம். அவனும், வேலையில் இருந்து ஓய்வுபெற்ற, பிரெஞ்சு பேசும் ஒரு கெபெக் மெக்கானிக்கும் சேர்ந்து வாங்கியது. நானும் தம்பியும் எங்களுக்குள் அவரைக் கிழவர் என்போம். அவர் என்னை 'மதாம்' என்பார். அமெரிக்க எல்லைக்குத் தெற்கே நடக்கும் விமானப் பந்தயத்தில் இதை ஓட்ட வேண்டும் என்பது இரண்டு பேருடைய ஆசை. அந்தப் பந்தயத்தில் விமானங்கள் தரையை ஒட்டி, கம்பங்களைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். பல விமானங்கள் ஒரே நேரத்தில். பார்க்க வந்த சனம் ஒரு பக்கத்தில் கதிரை போட்டு இருக்கும்.

செட்டை குறுகியிருந்தது. எஞ்சின் பெரிதாகியிருந்தது. நான் பின்னால் போய் வாலைப் பார்த்தேன். வாலின் பின்விளிம்பில், விமானி கைப்பிடியை அழுத்திப் பிடிக்கத் தேவையில்லாமல் மூக்கை நேராக வைத்திருக்க உதவும் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைப் புதிதாகச் செய்திருந்தார்கள். முந்தியதைவிட மெல்லியது, நீளமானது. விரலால் தட்டினேன். தகரப் பேணிபோலச் சத்தம் வந்தது.

"இதை ஏன் மாத்தினியள்?"

"காத்து இழுக்கிறது குறையும் அக்கா." தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "நான் உங்களிட்டை வரத்தான் இருந்தனான். பந்தயக்காரர் விதியை இறுக்கிப் போட்டினம். சோதிச்சுக் காட்டாமல் பக்கத்திலையும் விடமாட்டினம்."

அந்த விதி எதனால் வந்தது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு பந்தயத்தில் இப்படித்தான் மாற்றம் செய்த ஒரு விமானத்தின் வாலில் ஒரு துண்டு கழன்று, விமானம் பார்வையாளரின் பக்கம் விழுந்தது. அதற்குப் பிறகு இப்படி விதித்தார்கள்: மாற்றம் செய்த விமானம் பந்தயத்துக்கு வருமுன், பந்தய வேகத்தைவிடக் கூடிய வேகத்தில் பறந்து காட்டியிருக்க வேண்டும். வேகத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் நடுக்கத்தை அளக்க வேண்டும். சனம் இல்லாத நிலத்துக்கு மேலே, நல்ல உயரத்தில், விமானி பரசூட் கட்டிக்கொண்டு தனியாகச் செய்ய வேண்டும். ஏதாவது ஒன்றை மாற்றினால் மறுபடியும் முதற்படியில் இருந்து.

நல்ல விதி. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அன்று அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அதை இன்னொரு பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த விதி கதிரையில் இருக்கும் சனத்தைக் காப்பாற்றுகிறது. அதற்காக யாரோ ஒருவன் முதலில் போய், வால் பிய்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

"வேறை விமானி ஆரும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"என்ரை விமானத்துக்கு நான் போகாமல் வேறை ஆள் போறதோ? அளக்கிறதுக்கு நீங்கள் வந்தால் சரி."

மாட்டேன் என்றேன். காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அதே யோசனை. நான் போகாவிட்டால் அவன் வேறு யாரையாவது பிடிப்பான். அந்த ஆள் கோட்டைப் பார்க்கும் நேரத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தால்? என் கணவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ போனாலும் பயம், போகாட்டிலும் பயம். எந்தப் பயத்திலை ஏதாவது செய்யலாம் எண்டு பார்" என்றார்.

தம்பிக்கு போன் எடுத்தேன். "நான் ஸ்டொப் எண்டால் ஸ்டொப். ஏன் எண்டு கேக்கக் கூடாது. பேந்து கதைக்கலாம், முதல்ல குறைக்க வேணும். ஓமோ?"

"ஓம் அக்கா, ஓம்," என்று சிரித்தான்.

"சிரியாதை."

சென்சர்களை ஒட்டினோம். வாலுக்குள் ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டி, அது அனுப்புவதை ஹாங்கருக்குள் ஒரு மடிக்கணினியில் பார்க்கும்படி செய்தோம். அதெல்லாம் எனக்குப் பழகிய வேலை, கை தானாகச் செய்யும். பழகாதது, தம்பியை விமானத்தில் இருந்து குதிக்கப் பழக்கியது.

பரசூட் கட்டிக்கொண்டு இருக்கையில் இருத்தி, நான் கை தட்டியதும் மேல்மூடியைத் தள்ளி, பட்டியைக் கழற்றி, செட்டைக்கு மேலால் உருண்டு, கீழே போட்டிருக்கும் மெத்தையில் விழ வேண்டும். முதல் தடவை அவனுடைய கால் பட்டிக்குள் சிக்கியது. இரண்டாவது தடவை ஹெட்போன் வயர் கழுத்தை இழுத்தது. திரும்பச் சொன்னேன். திரும்பவும். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, நிலத்திலை நிக்கிற பிளேனிலை இருந்து எத்தினை தரம் குதிக்கிறது?"

"கால் சிக்காமல் வருமட்டும்."

அவன் மறுபடி உருண்டு மெத்தையில் விழுந்த நேரம் பார்த்து அவன் மனைவி கதவடியில் வந்து நின்றாள். கையில் எங்களுக்குச் சாப்பாடு. தன் கணவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழும்புவதையும், முதுகில் கட்டியிருக்கும் பையையும், மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். கிழவர் "பொன்ஜூர்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"இது என்ன?" என்றாள்.

"ஒரு முன்னேற்பாடுதான்," என்றான் தம்பி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "மச்சாள், நீங்கள் நிண்டால் ஒண்டும் நடக்காது எண்டு இவர் சொன்னவர். உண்மையோ?"

ஓம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் அவளும் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"நடந்தால் நான் முதல்ல காணுவன். அவ்வளவுதான் என்னாலை செய்யேலும்."

அவள் சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்தாள். "அப்ப அண்டைக்கு நானும் வருவன்," என்றாள்.

முதல் நாள் வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. நானும் கிழவரும் ஹாங்கருக்குள் மேசையடியில். தம்பியின் மனைவி வெளியே காருக்குள். உள்ளே வரச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள். தம்பி ஏறிப்போன சத்தம் தேய்ந்து இல்லாமல் போனது. பிறகு காதுக்குள் அவன் குரல் வந்தது. நான் வேலையில் கேட்கும் அதே நிதானமான குரல். அதற்குப் பின்னால் இருப்பவனை எனக்குத் தெரியும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வானொலியில் தமிழ் கதைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தோம். கிழவருக்கும் விளங்க வேண்டும். 'ஸ்டொப்' மூன்று பேருக்கும் பொதுவான சொல்.

முதற்படி. அவன் கைப்பிடியைத் தட்டினான். கோடு துள்ளி அடங்கியது. அடுத்த படி. துள்ளி அடங்கியது. இப்படியே ஏறிக்கொண்டு போனோம். இடையில் ஒரு படியில் கோடு துள்ளியது. அடங்கவில்லை. திரை முழுக்கக் கிறுக்கியது.

"ஸ்டொப்! ஸ்டொப்!"

என் குரல் கீச்சிட்டதை நானே கேட்டேன். தம்பி ஒன்றும் கேட்காமல் வேகத்தைக் குறைத்துத் திரும்பி வந்தான். இறங்கியதும் மூன்று பேரும் வாலைத் தடவிப் பார்த்தோம். வாலில் ஒன்றும் இல்லை. ஒரு சென்சரின் வயர் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

கிழவர் தோளைக் குலுக்கினார். தம்பி என் முதுகில் தட்டி, "பரவாயில்லை அக்கா. வயர்தானே," என்றான். அவன் அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அதுதான் மோசமாக இருந்தது. அந்த வயரை ஒட்டியது நான். அதைவிட, இனி நான் ஸ்டொப் என்றால் அவன் மனதில் ஒரு கணம் 'வயரோ?' என்று வருமே என்ற பயம் பிடித்துக்கொண்டது. எனக்கும் அந்த 'வயரோ?' வந்துவிட்டால்?

அதற்குப் பிறகு மழையும் காற்றுமாகப் பல நாட்கள் போயின. வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் வேறு ஒரு விமானத்தின் சோதனை நடந்தது. காதில் விமானியின் குரல் வந்ததும், இந்த மனிதன் காலையில் யாருக்குப் போயிட்டு வாறன் என்று சொல்லியிருப்பான் என்று யோசித்தேன். திரையில் ஓடிய கோட்டைப் பார்க்கத் தவறிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது நாள் வந்தது. இந்த முறை ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்திருந்தேன். காலை வெயில் ஹாங்கர் கதவுவரை வந்திருந்தது. வழமைபோல மனைவி காருக்குள். கண்ணாடியை இறக்கி விட்டிருந்தாள். மடியில் செபமாலை இருந்தது. என்னைக் கண்டதும் கையை அதன் மேல் வைத்து மூடினாள்.

கீழ்ப்படிகள் எல்லாம் நல்லாகப் போயின. போன முறை நின்ற இடத்தைத் தாண்டினோம். கிழவர் என் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். இன்னும் இரண்டு படி தாண்டினோம். பந்தய வேகத்துக்கு வந்துவிட்டோம். விதி கேட்பது அதற்கும் மேலே.

அடுத்த படியில் கோடு துள்ளியது. அடங்கியது. ஆனால் முந்தியதைவிடத் தாமதமாக.

"அடுத்ததுக்குப் போகட்டோ?" தம்பி ஆங்கிலத்தில் கேட்டான்.

தாமதம் கொஞ்சம்தான். அலுவலகத்தில் என்றால் நாலு பேர் கூடிப் பேசி முடிவெடுப்போம். இங்கே நான் மட்டும். வயரோ என்று மனதுக்குள் ஒன்று கேட்டது.

"அதே படியிலை இன்னொருக்காத் தட்டு," என்றேன் நானும் ஆங்கிலத்தில்.

தட்டினான். கோடு துள்ளியது. அடங்குவதுபோல இறங்கியது. பிறகு, யாரும் தட்டாமலே, மெல்ல வளரத் தொடங்கியது.

"குறை தம்பி! குறை! குறை!"

ஸ்டொப் என்ற சொல் எனக்கு வரவேயில்லை. தமிழ்தான் வந்தது. கோடு திரையின் மேல்விளிம்பைத் தொட்டது. பிறகு திரை வெறுமையானது. எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் நின்றன. காதுக்குள் ஒரு கரகரப்பு வந்து, அதுவும் நின்றது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. கிழவர் மைக்கை என் கையில் இருந்து வாங்கி, பிரெஞ்சில் கூப்பிட்டார். பதில் இல்லை. அவருடைய மற்றக் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

நான் எழும்பி வெளியே போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. திரையில் ஒன்றும் இல்லை, அதனால் வானத்தைப் பார்க்கப் போயிருப்பேன். வானத்திலும் ஒன்றும் இல்லை. நீலம் மட்டும். சோளத் தோட்டத்துக்கு அப்பால் எங்காவது புகை எழும்புகிறதா என்று என் கண் தேடியது. அப்படித் தேடுவதை நிறுத்த முயன்றேன், முடியவில்லை.

மனைவி காரை விட்டு இறங்கி நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போகவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு இடத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. வீதியில் ஒரு ட்ரக் போனது. அந்தச் சத்தத்துக்கு அவள் நெஞ்சில் கையை வைத்தாள்.

பிறகு வந்தது. முதலில் நான் நம்பவில்லை. தூரத்தில், கிழக்கே, ஒரு எஞ்சின் சத்தம். விமானச் சத்தம் கேட்டால் ஒளிய இடம் தேடிய உடம்பு இது. அன்று அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது, நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றது.

அவன் மிக மெதுவாக வந்தான். ஒரு பக்கம் சரிவதும் நிமிர்வதுமாக. சக்கரம் தரையில் பட்டது, துள்ளியது, மறுபடி பட்டது. ஓடுபாதையின் நடுவிலேயே நிறுத்திவிட்டான்.

நான்தான் முதலில் ஓடிப்போய்ச் செட்டையில் ஏறினேன். மேல்மூடியைத் திறந்தேன். அவன் முன்னால் பார்த்தபடி இருந்தான். இரண்டு கையும் கைப்பிடியில்.

"விடு," என்றேன். "நிண்டிட்டுது. விடு."

"விடேலாமல் கிடக்கு அக்கா."

அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். பட்டியைக் கழற்றினேன். "கால் தானா ஆடிச்சுது," என்றான். "கை வேறை, கால் வேறை ஆடிச்சுது. ஒண்டையும் வாசிக்கேலாமல் போச்சு. நீங்கள் குறை எண்டு கத்தினது மட்டும் கேட்டது. பேந்து ஒண்டும் கேக்கேல்லை."

வாலடியில் கிழவர் குனிந்து நின்றார். புதிய தகடு ஒரே ஒரு பிணைச்சலில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றது பிய்ந்து போயிருந்தது. வாலுக்குள் நாங்கள் பூட்டிய பெட்டி கழன்று உள்ளேயே உடைந்து கிடந்தது. வானொலியின் வயரையும் அதுதான் அறுத்திருந்தது. கிழவர் அந்தத் தகட்டை ஒரு விரலால் தொட்டார். அது அப்படியே அவருடைய கையில் வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மனைவி கொஞ்சம் தள்ளி நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. "இறங்கி வாங்கோ," என்றாள் அவனிடம். "சாப்பிடுவம்."

அன்று யாரும் சாப்பிடவில்லை. காரின் பின்சீற்றில் அவன் கண்ணை மூடிக்கொண்டு இருக்க, அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள்.

சில வாரங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி குடித்தபடி தம்பி சொன்னான்: "விக்கலாம் எண்டு யோசிக்கிறம். அந்தத் தகட்டைப் பழையபடி மாத்திப் போட்டு வித்தால் ஆரும் வாங்குவினம்."

எனக்கு நிம்மதி வந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"விக்கக் கூடாது."

நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"வாங்கிறவன் தகட்டை மட்டும் பாப்பான். செட்டை குறுகிக் கிடக்கிறதையும் எஞ்சின் பெருத்துக் கிடக்கிறதையும் பாத்துச் சந்தோசப்படுவான். சோதிப்பானோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? அவனுக்கும் வீட்டிலை ஒருத்தி இருப்பாள். ஒண்டில் திருத்துங்கோ, திருத்திச் சோதியுங்கோ. இல்லாட்டி உடைச்சுப் போடுங்கோ."

"திருத்தினால் திரும்ப நான்தான் போக வேணும்," என்றான் தம்பி. "முதற்படியிலை இருந்து."

"தெரியும்," என்றாள். "எனக்குத் தெரியாமல் சொல்லேல்லை."

குளிர்காலம் முழுக்க ஹாங்கரில் வேலை நடந்தது. தகட்டைத் தடிப்பாகச் செய்தார்கள். அதை அசைக்கும் கம்பியையும் பருமனாக்கினார்கள். ஆடாமல் இருக்க, முன்பக்கத்தில் ஈயக் கட்டி வைத்தார்கள். நான் சனிக்கிழமைகளில் போய், விமானத்தை நிலத்தில் வைத்தே ஆட்டி அளந்தேன். கிழவர் முன்னைப்போலக் கதைப்பதில்லை. ஒரு நாள் ஹீற்றருக்கு முன்னால் கையை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டு நின்றவர், "மதாம், அந்த மெல்லிய தகடு என் யோசனை," என்றார். நான் அவருக்கு ஒரு கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

பனி கரைந்ததும் திரும்ப முதற்படி. அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொரு படியிலும் கோடு துள்ளியது, அடங்கியது. பல நாட்கள், பல பறப்புகள். பந்தய வேகத்தைத் தாண்டி, விதி கேட்ட இடம்வரை போய், அங்கேயும் தட்டினான், அங்கேயும் அடங்கியது. ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் எனக்கு முந்திய வருடத்தைவிடக் கூடப் பயமாக இருந்தது. முந்தி, வால் பிய்வது என்றால் எனக்கு அது திரையில் ஒரு கோடு. இப்போது அவனுடைய விரல்களைக் கைப்பிடியில் இருந்து எடுத்துவிட்டது தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசற்படியில் இருந்துவிடுவேன்.

இலையுதிர் காலத்தில் பந்தயத்துக்குப் போனோம். வெயில், தூசி, பொரித்த உருளைக்கிழங்கு வாசம். பார்வையாளர் பக்கத்தில் சனம் மடக்குக் கதிரைகளில் குந்தியிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு இளம் பெண், காதை மூடும் பெரிய ஹெட்போன் மாட்டிய ஒரு கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குழந்தை நித்திரை.

விமானங்கள் கம்பத்தைச் சுற்றி வந்தபோது நிலம் அதிர்ந்தது. தம்பியின் விமானம் கடைசிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உங்களுடையது எது?" என்று கேட்டாள். காட்டினேன்.

"பாதுகாப்பானதுதானே?" என்று சிரித்தபடி கேட்டாள். கேட்க வேண்டும் என்று கேட்ட கேள்வி.

"சோதிச்சிருக்கிறோம்," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். தம்பியின் மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது.

அவன் கடைசிக்கு முந்தியவனாக வந்தான். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் நடந்து வந்தான். தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"பயந்தியளோ அக்கா?"

"ஓம்."

"நானும்," என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவன் மனைவி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். அவன் நின்றபடியே முழுவதையும் குடித்து முடித்தான். நாங்கள் இரண்டு பேரும் அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.